முன்குறித்த சம்பந்தம்

ஜனவரி 4, புதன்

வயலட் டீச்சர் காலையில் வந்தவர் மத்தியானச் சாப்பாடு முடியும் வரை எழுந்திருக்கவில்லை. நாகர்கோவிலிலிருந்து பஸ் பிடித்து பாளையங்கோட்டைக்கு வந்திருக்கிறார். கையில் நேந்திரங்காய் சிப்ஸ், வாயில் வசனம். தன் மகன் அஜினுக்கு எங்கள் பெனிட்டாவைக் கேட்க வந்தாராம். பையன் போர்ட் பிளேரில் பள்ளிக்கூட வாத்தியார். அந்தமான்! கப்பலில் போனால் நாலு நாள்.

"கர்த்தர் எனக்குக் காட்டிட்டார், ஜெயசீலி. உலகம் உண்டாகுததுக்கு முந்தியே என் மகனுக்குன்னு ஒங்க பிள்ளைய முன்குறிச்சு வச்சிருக்கார்" என்றார்.

நான் சிரித்துக்கொண்டே ரசம் ஊற்றினேன். உலகம் உண்டாவதற்கு முன்பே முடிந்த காரியம் என்றால், போன ஆகஸ்டில் இந்த அம்மாள் மார்த்தாண்டத்தில் ஒரு பெண்ணைப் பார்த்து பஜ்ஜி தின்றுவிட்டு வந்தது எதற்கு? என்னோடு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த ஸ்டெல்லா நாகர்கோவிலில்தான் இருக்கிறாள். எனக்குச் செய்தி வராமல் போகாது. ஆகஸ்டில் கர்த்தர் சொல்ல மறந்துவிட்டார் போலிருக்கிறது.

அவசரம் வேறு. ஈஸ்டருக்கு முந்தின லெந்து உபவாச நாட்கள் தொடங்கிவிட்டால் கல்யாணம் வைக்க முடியாது, அதற்குள் முடிக்க வேண்டுமாம். அவசரப்படுகிற சம்பந்தத்தில் ஏதோ இருக்கும்.

ஜனவரி 5, வியாழன்

இவரிடம் சொன்னேன். "சீட்டுப் போட்டுப் பாப்போம்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

எங்கள் இரண்டு வீட்டிலும் கல்யாணம் என்றால் சீட்டுதான். ஒன்றில் 'ஆம்', ஒன்றில் 'இல்லை'. ஜெபம் பண்ணிவிட்டு, கோயிலில் வைத்து ஒன்றை எடுப்பது. எங்கள் கல்யாணமும் அப்படித்தான் முடிவானது. மாமனார் சபையில் பிரசங்கம் பண்ணுகிற உபதேசியார், அவரே எடுத்தார், அவரே வாசித்தார். சீட்டு சொல்லிற்று, இவர் என்னைக் கட்டிக்கொண்டார். மனசு இருந்து கட்டினாரா என்று நான் கேட்டதில்லை. இவர் பேசாமல் இருப்பதைப் பார்த்தால் கேட்கவும் தேவையில்லை.

பெனிட்டா ஆஸ்பத்திரி பார்மசியிலிருந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "சீட்டே சொல்லட்டும்மா" என்றாள். தட்டைக் கழுவிக்கொண்டே, "அங்க சாயங்காலம் அஞ்சு மணிக்கெல்லாம் இருட்டிருமாம்" என்றாள். யார் சொன்னது என்று கேட்டேன். எங்கேயோ படித்தாளாம்.

ஜனவரி 8, ஞாயிறு

பிரசங்கம் நீளம். மத்தியானம் ஆட்டுக்கறி. இவர் மறுசோறு வாங்கவில்லை. எதையோ மனசில் வைத்திருக்கிறார்.

ஜனவரி 11, புதன்

இந்த வாரம் வேதபாடக் கூட்டம் எங்கள் வீட்டில். போதகர் கோயில்பிள்ளை எடுத்துக்கொண்ட தலைப்பு என்ன தெரியுமா? முன்குறித்தல்! பவுல் எழுதியதில் வேறு விஷயமே இல்லையா? வயலட் டீச்சர் போன் போட்டுப் பேசியிருக்க வேண்டும் என்று உடனே தோன்றிவிட்டது.

விடக் கூடாது என்று நான் கேட்டேன். "ஐயா, எல்லாம் முன்னாலேயே குறிச்சாச்சுன்னா யூதாஸ் பாவம் என்ன செய்வான்? அவன் காட்டிக் குடுக்கணும்னு இருந்துது, காட்டிக் குடுத்தான். பெறகு அவன்மேல எதுக்குக் கோவம்?"

கூட்டத்தில் இருந்தவர்கள் டீ டம்ளரைப் பார்த்தார்கள். போதகர் சின்ன வயசுக்காரர், ஆனால் பதறவில்லை.

"அம்மா, முன்குறித்தல்னா கர்த்தர் நம்ம கையக் கட்டிப்போட்டு டைம்டேபிள் எழுதி வச்சிட்டார்னு அர்த்தம் இல்ல. யூதாஸும் அவன் காலாலதான் நடந்து போனான். நாம நல்லவுகளா கெட்டவுகளான்னு தெரியுததுக்கு முந்தியே, 'இவுக எனக்கு வேணும்'னு அவர் சொல்லிட்டார் பாத்தீயளா, அதுதான். நாம தேடுததுக்கு முந்தி அவர் தேடிட்டார்."

எல்லாரும் ஆமென் என்றார்கள். எனக்கு இது ரொம்பச் சுலபமாக இருந்தது. சுலபமான பதிலை நான் நம்புவதில்லை. முப்பது வருஷம் ஜனங்கள் டெலிபோனில் பேசுவதைக் கேட்டவள் நான். பொய் சொல்கிறவர்கள்தான் தடங்கல் இல்லாமல் பேசுவார்கள்.

ஜனவரி 13, வெள்ளி

ஸ்டெல்லாவிடம் விசாரிக்கச் சொல்லியிருந்தேன். பையனுக்குக் குடி இல்லை, சிகரெட் இல்லை, கடன் இல்லை, கோயிலில் பாடகர் குழுவில் இருந்திருக்கிறான். குறை ஒன்றுமே இல்லையாம். ஒன்றுமே இல்லை என்றால் இன்னும் சரியாக விசாரிக்கவில்லை என்று அர்த்தம். திரும்ப விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 15, ஞாயிறு

ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகு சீட்டுப் போட்டோம். இவர்தான் எழுதினார், இவர்தான் மடித்தார். எவர்சில்வர் டம்ளரில் போட்டுக் குலுக்கினார்கள். போதகர் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார்.

ஆம்.

வயலட் டீச்சர் "அல்லேலூயா" என்று போட்ட சத்தத்தில் புறா பறந்தது. பெனிட்டா தலையைக் குனிந்துகொண்டாள். மற்றச் சீட்டை நான் வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். 'இல்லை' என்று ஒழுங்காகத்தான் எழுதியிருந்தது. எல்லாருக்கும் என்னைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. இருக்கட்டும்.

ஆனால் ஒன்று. 'ஆம்' சீட்டை இவர் நாலாக மடித்திருந்தார், 'இல்லை' சீட்டை இரண்டாக. நாலாக மடித்தது கையில் தட்டுப்படாதா?

ஜனவரி 16, திங்கள்

இவர் கடைக்குப் போன நேரம் பார்த்து, நானே இரண்டு சீட்டு எழுதி, ஒரே மாதிரி மடித்து, சமையலறையில் ஜெபம் பண்ணி எடுத்தேன். 'இல்லை' வந்தது. மனசுக்கு நிம்மதியாக இருந்தது. உறுதிப்படுத்திக்கொள்ளலாம் என்று இன்னொரு தரம் எடுத்தேன். 'ஆம்'. மறுபடியும் எடுத்தேன். 'இல்லை'. அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. அடுப்பைத் துடைத்துவிட்டு, சீட்டுகளைக் கிழித்து ஜன்னல் வழியே எறிந்தேன்.

ஜனவரி 19, வியாழன்

போதகர் வீட்டுக்குப் போய், இன்னொரு தரம் சீட்டுப் போட வேண்டும் என்றேன்.

"கர்த்தர எத்தன தரம்மா கேப்பீய?" என்றார்.

"அவர் ஒரு தரம் சொன்னது எனக்குச் சரியாக் கேக்கல ஐயா. டெலிபோன்ல லைன் சரியில்லன்னா திருப்பிப் போடுததில்லையா?"

சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்தி, எனக்கு அந்தப் பையன்மேல் என்ன குறை என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். "அப்ப யார்மேல?" என்றார். எந்தத் தேதியில் வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டேன். கடைசியில், இருபத்தெட்டாம் தேதி சனிக்கிழமை, இரண்டு வீட்டாரும் இருக்க, ஒரே ஒரு தரம் என்று ஒத்துக்கொண்டார். பையன் லீவில் வந்துவிடுவானாம். சீட்டை நான்தான் எடுப்பேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜனவரி 21, சனி

பெனிட்டா சாயங்காலம் மொட்டை மாடியில் போன் பேசிக்கொண்டிருந்தாள். துணி எடுக்கப் போனேன். "அங்க இன்னும் மழை விடலியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பாளையங்கோட்டையில் வானம் வெளுத்துக் கிடக்கிறது. யார் என்றேன். டூட்டி மாற்றிக்கொள்கிற விஷயமாம், கூட வேலை பார்க்கிற பெண்ணாம். அந்தப் பெண்ணுக்கு எந்த ஊரில் மழை?

ஜனவரி 24, செவ்வாய்

ஸ்டெல்லா போன் பண்ணினாள். வயலட் டீச்சரின் வீட்டுக்காரர் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் சிறுநீரகக் கோளாறில் திருநெல்வேலியில் படுத்திருந்தாராம். எந்த ஆஸ்பத்திரி என்றேன். பெனிட்டா வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி. பையன் லீவு போட்டு வந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டானாம். தினமும் மருந்து வாங்க எந்த ஜன்னலில் நின்றிருப்பான் என்று தெரிய ஞானதிருஷ்டி வேண்டாம்.

ஆக, இதுதான் அந்த உலகத்தோற்றத்துக்கு முந்தின முன்குறிப்பு! மார்த்தாண்டத்துப் பெண்ணைப் பார்த்து வந்த பிறகு மகன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான், அம்மாவுக்குக் கர்த்தர் காட்டியிருக்கிறார். என் வீட்டுக்குள்ளேயே, என் மூக்குக்குக் கீழே. பெனிட்டாவிடம் கேட்கவில்லை. இவரிடமும் சொல்லவில்லை. சனிக்கிழமை கோயிலில், எல்லார் முன்னாலும் உடைக்கப்போகிறேன். அதன்பிறகு எந்தச் சீட்டும் இந்தக் கல்யாணத்தை நடத்திவிட முடியாது. அவள் இங்கேயேதான் இருப்பாள்.

ஜனவரி 26, வியாழன்

பனங்கிழங்கு அவித்திருந்தேன். இவரும் நானும் பின்வாசலில் உட்கார்ந்து நார் உரித்துக்கொண்டிருந்தோம். பெனிட்டாவுக்கு டூட்டி.

"சனிக்கிழம சீட்டு வேண்டாம், சீலி" என்றார்.

கையில் இருந்ததைக் கீழே வைத்தேன். இவராக ஒரு பேச்சைத் தொடங்கினால் பின்னால் ஏதோ இருக்கிறது. "ஏன்? பயமா? சீட்டு பொய் சொல்லுமா?"

"சீட்டு சொல்லாது. வாசிக்கவங்க சொல்லலாம்."

புரியவில்லை. இவர் நாரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நம்ம கல்யாணத்துக்கு 'இல்லை'ன்னுதான் வந்துது. நான் அப்பாவுக்குப் பக்கத்துல நின்னேன். கண்ணால பாத்தேன். அப்பா 'ஆம்'னு வாசிச்சுட்டு ரெண்டு சீட்டையும் மெழுகுவத்தில காட்டி எரிச்சிட்டாவ."

என் மாமனார். வாழ்நாளெல்லாம் பொய் சொல்லக் கூடாது என்று ஊருக்கு உபதேசம் பண்ணின மனுஷன்.

"எதுக்கு?" என்றேன்.

"முந்தின நாள் நான் அவுககிட்டச் சொல்லிருந்தேன். அந்தப் பிள்ள இல்லன்னா எனக்கு ஒருத்தரும் வேண்டாம்னு."

"எந்தப் பிள்ள?" என்று கேட்டேன். மடச்சி மாதிரி.

"நீதான்." என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "மதுரைக்கு டிரங்க் கால் போட வந்தேன். நம்பரத் தப்பாச் சொல்லிட்டேன்னு ஜன்னல் வழியா என்னைய அந்த ஏச்சு ஏசினியே."

எனக்கு ஞாபகம் இல்லை. நான் எத்தனையோ பேரை ஏசியிருக்கிறேன்.

இவர் நிறுத்தவில்லை. தேக்கி வைத்திருந்தது எல்லாம் வந்தது. "நம்ம பெரியவன் மூணு மாசக் கைப்பிள்ளையா செத்துப்போனாம்லா, அப்ப அதுக்குத்தான்னு நெனச்சேன். ஒனக்கு ஆபரேஷன் நடந்தப்பவும் வெளிய நின்னு அதத்தான் நெனச்சேன். அவர் வேண்டாம்னு சொன்னத நாம எடுத்து வச்சிருக்கோம், என்னைக்கு வந்து திருப்பிக் கேப்பாரோன்னு. வாயத் தொறந்தா உளறிருவேன்னு பேசாமலே இருந்துட்டேன்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பனங்கிழங்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். பிள்ளை போன நாளிலிருந்து, நான்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று இவர் மனசுக்குள் வைத்திருக்கிறார் என்றே நினைத்திருந்தேன். அந்த நினைப்போடு இவருக்குச் சோறு போட்டிருக்கிறேன், அந்த நினைப்போடு இவர் பக்கத்தில் படுத்திருக்கிறேன். ஜில்லா முழுவதும் பேசுவதைக் கேட்டவள், இவர் ஏன் பேசவில்லை என்று ஒரு தரம் கேட்டிருக்கலாம். அடுப்படியில் நின்று அழுதேன். என் குழந்தைக்காக அழுதேனா, இவருக்காக அழுதேனா என்று எனக்கே தெரியாது.

ஜனவரி 27, வெள்ளி

இவரோடு பேசவில்லை. புளிக்குழம்பு. இவருக்குப் பிடித்த மாதிரி கெட்டியாக வைத்தேன். ஏன் அப்படி வைத்தேன் என்று தெரியவில்லை.

கர்த்தர் 'இல்லை' என்றார். மாமனார் 'ஆம்' என்றார். நடந்தது மாமனார் சொன்னது. அப்படியானால் கர்த்தர் தோற்றாரா? அல்லது மாமனார் பொய் சொல்வார் என்பதையும் சேர்த்தேதான் குறித்து வைத்திருந்தாரா? போதகரிடம் கேட்க வேண்டும். கேட்டால் மாமனார் மானம் போகும்.

ஜனவரி 28, சனி

போதகரே சீட்டு எழுதி, ஒரே மாதிரி மடித்து, டம்ளரில் போட்டு வைத்திருந்தார். வயலட் டீச்சர் பட்டுப் புடவையில் வந்திருந்தார். அஜின் ஒல்லியாக, வெயிலில் கறுத்துப்போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். இவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

ஜெபம் முடிந்ததும் போதகர் டம்ளரை நீட்டினார். "எடுங்கம்மா."

ஆஸ்பத்திரிக் கதையை எப்படித் தொடங்குவது என்று வீட்டிலேயே சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தேன். வாயைத் திறப்பதற்கு முன்னால் பெனிட்டாவைப் பார்த்தேன். பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை, கெஞ்சவில்லை. எது வந்தாலும் சரி என்று வைத்துக்கொள்கிற முகம். அந்த முகத்தை எனக்குத் தெரியும். எக்ஸ்சேஞ்சில் டூட்டியில் இருந்தபோது என் அப்பா வந்து 'ஆம் வந்துருச்சு' என்று சொன்னார். சரி என்று சொல்லிவிட்டு அடுத்த லைனை எடுத்தேன்.

"பெனிட்டா," என்றேன், "ஒனக்கு இவரக் கட்டிக்கிட இஷ்டமா?"

வயலட் டீச்சர், "சீட்டு எடுக்கும்போது பேசக் கூடாது, ஜெயசீலி" என்றார்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க டீச்சர்."

பெனிட்டா என்னைச் சந்தேகத்தோடு பார்த்தாள். என் மகள் அல்லவா. பிறகு, "இஷ்டம்தாம்மா" என்றாள்.

"எத்தன நாளா?"

"ஒன்றரை வருஷமா."

"பெறகு எதுக்குட்டீ சீட்டே சொல்லட்டும்ன?"

"நீங்க என்னையக் கேக்கலியேம்மா. சீட்டத்தான கேட்டீய."

"இன்னைக்கு இல்லைன்னு வந்தா என்ன செஞ்சிருப்ப?"

"வேண்டாம்னு அஜின்கிட்டச் சொல்லிருப்பேன்."

பையன் தரையைப் பார்த்தான். அவனுக்கும் இது தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் கடல் தாண்டி வந்து நிற்கிறான்.

"அவ்வளவு லேசாவா?"

"லேசா இல்லம்மா" என்றாள். அப்போதுதான் குரல் உடைந்தது.

டம்ளரைப் போதகர் கையில் திருப்பிக் கொடுத்தேன். "எடுக்க வேண்டாம் ஐயா. பதில் வந்துட்டு" என்றேன். அவர் வாங்கி, டம்ளரின் வாயைக் கையால் மூடிக்கொண்டார், சீட்டு பறந்து வந்துவிடுமோ என்பது போல. என் மகள் என் தோளில் சாய்ந்துகொண்டு அழுதாள். கடைசியாக எப்போது இப்படிச் சாய்ந்தாள் என்று எனக்கு நினைவில்லை. இவளை அவ்வளவு தூரத்துக்கு அனுப்ப வேண்டும்.

வயலட் டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான்தான் அப்பவே சொன்னேன்லா, உலகம் உண்டாகுததுக்கு முந்தியேன்னு" என்றார்.

"ஒன்றரை வருஷத்துக்கு முந்தி டீச்சர். மருந்து வாங்குத ஜன்னல்ல."

போதகர் சிரித்தார். "ரெண்டும் ஒண்ணா இருக்கக் கூடாதாம்மா?" என்றார்.

இதுவும் சுலபமான பதில்தான். யோசிக்க வேண்டும்.

ஜனவரி 29, ஞாயிறு

கோயிலில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்தார்கள். "இவ்விவாகத்துக்குத் தடை ஏதாகிலும் உண்டென்று யாராவது அறிந்திருந்தால்" என்று போதகர் வாசித்து நிறுத்தியபோது சபையில் பாதிப் பேர் திரும்பி என்னைத்தான் பார்த்தார்கள். நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

பெனிட்டா அஜின் வீட்டாரோடு நின்று பேசிக்கொண்டிருந்தாள். இவரும் நானும் நடந்தே வீட்டுக்குத் திரும்பினோம். வியாழக்கிழமைக்குப் பிறகு நான் இவரோடு சரியாகப் பேசவில்லை. பாதி வழியில் இவர்தான் வாயைத் திறந்தார்.

"நேத்து நீ பெனிட்டாட்டக் கேட்ட மாதிரி, அன்னைக்கு ஒன்னைய யாராவது கேட்டிருந்தா என்ன சொல்லிருப்ப?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "வேண்டாம்னுதான் சொல்லிருப்பேன். ஒங்கள யாருன்னே எனக்குத் தெரியாது" என்றேன்.

இவர் தலையை ஆட்டிக்கொண்டார். சீட்டு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது என்று நினைத்திருப்பார். முகம் சின்னதாகிப்போனது. கறிக்கடை, பால் பூத், தண்ணீர் லாரி எல்லாவற்றையும் தாண்டி நடந்தோம். எங்கள் தெரு முனை வந்ததும் நான் நின்றேன்.

"இப்பக் கேளுங்க" என்றேன்.

தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. இவர் இரண்டு பக்கமும் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

கேட்டார். சொன்னேன்.